மூச்சுத் திணறல் உள்ளவர்கள் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் போகலாமா? – கேள்வி பதில்

மயக்க மருத்துவராக முப்பது ஆண்டுகள் அறுவை அரங்குகளில் நின்றுவிட்டு, ஓய்வுபெற்றுக் காரைக்குடிக்கே திரும்பியிருக்கிறேன். உடல் பருமனும் நுரையீரல் நோயும் சேர்ந்தே இருப்பவர்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். உங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

கேள்வி (கானாடுகாத்தான்): வயது 46, எடை 118 கிலோ, உயரம் 155 செ.மீ. முகப்பிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். இரவில் பெருங்குறட்டை. பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுகிறது. காலும் வீங்குகிறது. "நுரையீரல் பலவீனம், அறுவைச் சிகிச்சை ஆகாது" என்று ஒரு மருத்துவமனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதானா?

பதில்: அவ்வளவுதான் என்று நான் சொல்லமாட்டேன், ஆச்சி. 'நுரையீரல் பலவீனம்' என்பது ஒரு நோயின் பெயரே அல்ல. எதனால் பலவீனம் என்று கண்டுபிடிக்காமல் ஒருவரைத் திருப்பி அனுப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) ஏறக்குறைய 49. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், நுரையீரலில் பெரிய கோளாறு இல்லாமலேயே உடலின் பாரம் அதை விரிய விடாமல் அழுத்துகிறதோ என்று சந்தேகிக்கிறேன். படுத்தால் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும். நாளாக ஆக ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். பகல் தூக்கத்துக்கு இவை காரணமாக இருக்கலாம். எடை குறைந்தால் நன்றாகத் தேறக்கூடிய நிலை இது. ஆனால் இதைக் கண்டறியாமல் மேசையில் படுக்க வைத்தால் ஆபத்தும் இதில்தான். மயக்கம் தெளிந்த முதல் இரவில், வலி மருந்தின் அசதியில், மூச்சு அடங்கிப் போகலாம்.

மூன்று பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது தூக்கப் பரிசோதனை, அதாவது இரவுத் தூக்கத்தில் மூச்சு எப்படி வருகிறது என்று அளப்பது. இரண்டாவது தமனி ரத்தத்தில் வாயுக்களை அளப்பது. விழித்திருக்கும்போதே கரியமில வாயுவின் அழுத்தம் (பாதரச அளவில்) 45 மி.மீ.க்கு மேல் இருந்தால் என் சந்தேகம் வலுப்படும். மூன்றாவது எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன். கால் வீக்கம் இருப்பதால் இதை விடவே கூடாது. நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் மிகவும் ஏறியிருந்தால், அதைச் சீராக்கும்வரை அறுவையைத் தள்ளிவைக்கத்தான் வேண்டும். அப்படி இல்லையென்றால், காற்றை அழுத்தித் தந்து தொண்டையைத் திறந்து வைக்கும் சி-பாப் அல்லது பை-பாப் முகமூடியைச் சில வாரங்கள் ஒரு இரவும் விடாமல் போட்டுக்கொண்டு, பிறகு அதே பரிசோதனைகளைத் திரும்பச் செய்து பாருங்கள். மல்லாந்து படுக்கவே முடியாமல் வந்தவர்கள், முகமூடி பழகியபின் தாமாக நடந்து அரங்குக்குள் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (புதுவயல்): இருபத்தைந்து ஆண்டுகளாக அரிசி ஆலையில் வேலை. தவிட்டுத் தூசியோடு பீடியும் உண்டு. சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்கிறார்கள். எடை 96, உயரம் 165 செ.மீ. அறுவை செய்துகொண்டால் மூச்சு சரியாகுமா?

பதில்: சரியாகாது, தம்பி. அழிந்த காற்றறைகள் எடை குறைந்தாலும் திரும்பி வருவதில்லை. சுமை குறைவதால் நடப்பது எளிதாகலாம், அவ்வளவே. இந்த நோயில் கொழுப்போடு தசையும் கரைந்துவிட்டால், மூச்சு இழுக்கும் பலமும் போய்விடும். ஆகவே உங்களுக்கு அறுவை முதல் வழியல்ல. இன்றைக்கே பீடியை நிறுத்துங்கள். எந்த அறுவையாக இருந்தாலும் குறைந்தது ஆறு வாரம் புகை இல்லாமல் இருக்க வேண்டும். ஆலையில் முகக்கவசம் போடுங்கள், இன்ஹேலரைச் சரியாக இழுக்கக் கற்றுக்கொள்ளுங்கள், மூச்சுப் பயிற்சியோடு நடைப்பயிற்சியும் செய்யுங்கள். மூன்று மாதம் கழித்து ஸ்பைரோமெட்ரி (ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளக்கும் பரிசோதனை) எண்களோடு வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

கேள்வி (தேவகோட்டை): ஆத்தாவுக்குக் கடுமையான ஆஸ்துமா. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்கள். நெஞ்செரிச்சலும் உண்டு. ஸ்லீவ் நல்லதா, பைபாஸ் நல்லதா?

பதில்: எடை இறங்கினால் ஆஸ்துமா பலருக்கு அடங்குகிறது, அந்த நம்பிக்கை இருக்கட்டும். எந்த அறுவை என்பதில்தான் சிக்கல். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் நெஞ்செரிச்சலைக் கூட்டக்கூடும். மேலேறும் அமிலம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் ஆஸ்துமாவும் கிளம்பும். இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் பைபாஸ் நெஞ்செரிச்சலுக்கு நல்லது, ஆனால் குடலை இணைத்த இடத்தில் புண் வரும் வாய்ப்பை ஸ்டீராய்டு அதிகமாக்குகிறது. எனவே முதலில் நுரையீரல் மருத்துவரிடம் போய், மாத்திரையை எவ்வளவு குறைக்க முடியும் என்று கேளுங்கள். எடை ஏறியதற்கே அந்த மாத்திரை ஒரு காரணமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எண்டோஸ்கோபியும் பார்த்தபின் தேர்வு செய்யுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): அப்பச்சிக்கு 58 வயது. நுரையீரலில் தழும்பு விழும் நோய், வீட்டில் ஆக்சிஜன். மாற்று நுரையீரலுக்கு எடை தடையாக இருக்கிறது. அதற்காக இந்த அறுவை செய்யலாமா?

பதில்: இதற்குப் பதில் எழுதுவதற்கு முன் வெகுநேரம் யோசித்தேன். பி.எம்.ஐ. 30-ஐத் தாண்டினாலே மாற்று அறுவையில் ஆபத்து கூடுகிறது. 35-க்கு மேல் பல மையங்கள் தயங்குகின்றன. அதனால் சிலருக்கு இப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் தழும்பேறிய நுரையீரல், எந்த அறுவைக்குப் பிறகும் திடீரென்று மோசமாகக்கூடும். உணவு முறையும் எடையைக் குறைக்கும் ஊசி மருந்தும் முதலில். அறுவைதான் வழி என்றால், நுரையீரல் மாற்று செய்யும் மருத்துவமனையில் மட்டும், அந்தக் குழுவே முடிவெடுத்துச் செய்ய வேண்டும். அப்பச்சியிடம் எதையும் மறைக்காமல் அவருடைய விருப்பத்தையும் கேளுங்கள்.

கேள்வி (கண்டனூர்): ஊசியே போதாதா?

பதில்: சிலருக்குப் போதும். டிர்செபடைடு ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. பருமனோடு வரும் தூக்க மூச்சடைப்புக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. ஊசி போடுபவர்கள் எந்த அறுவைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரைப்பை மெதுவாகக் காலியாவதால், மயக்கத்தில் உணவு நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு.

கேள்வி (கோட்டையூர்): அம்மாவுக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்து நாள் குறித்துவிட்டார்கள். மதுரைக்குப் போகிறோம். என்ன தயாரிப்பு வேண்டும்?

பதில்: தீவிர சிகிச்சைப் பிரிவும் நுரையீரல் மருத்துவரும் அதே கட்டடத்தில் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அறுவைக்கு முந்திய இரண்டு வாரம் அவர்கள் தரும் குறைந்த கலோரி உணவை அப்படியே கடைப்பிடிக்கட்டும். கல்லீரல் சுருங்கினால்தான் உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கும். வீட்டில் விசேஷம் என்று பணியாரமும் கும்மாயமும் கொடுத்துவிடாதீர்கள். மூன்று பந்து மூச்சுப் பயிற்சிக் கருவியை இப்போதே வாங்கிப் பழக்குங்கள். வலியோடு இருக்கும்போது புதிதாகக் கற்பது கடினம். அறுவை முடிந்த அன்று மாலையே நடக்கச் சொல்வார்கள். பாவம் என்று தடுக்காதீர்கள். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறாமல் காப்பது அந்த நடைதான்.

காப்பீட்டில் பொதுவான விதி இது: பி.எம்.ஐ. 40, அல்லது 35-உடன் கடுமையான தூக்க மூச்சடைப்பு போன்ற நோய் இருந்தால் கேட்கலாம். தூக்கப் பரிசோதனை அறிக்கையின் அசலைக் கையோடு கொண்டுபோங்கள். சி-பாப் இயந்திரத்தையும் அவருக்குப் பழகிய முகமூடியையும் மறக்காதீர்கள். அறுவை முடிந்து கண் விழிக்கும்போது அது கட்டிலருகே தயாராக இருக்க வேண்டும் என்று, சேரும் அன்றைக்கே செவிலியரிடம் சொல்லி வையுங்கள்.