5 மாதக் கிடேரிக்குக் கன்று வீச்சுத் தடுப்பூசி போடலாமா? கூட நிற்கும் காளைக்கன்றுக்கும்?

கிடேரிக்குத் தாராளமாகப் போடுங்கள், இதுதான் சரியான வயது. காளைக்கன்றுக்கு வேண்டவே வேண்டாம்.

கன்று வீச்சு நோய் என்பது புருசெல்லா என்ற பாக்டீரியாவால் வருவது. சினையின் கடைசி மூன்று மாதங்களில் மாடு கன்றை வீசிவிடும் (கரு கலைந்துவிடும்), நஞ்சுக்கொடி விழாமல் தங்கும். இதற்கான எஸ்-19 தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. அதனால்தான் இவ்வளவு கட்டுப்பாடு: காளைக்குப் போட்டால் விரை வீங்கலாம், சினை மாட்டுக்குப் போட்டால் கரு கலையலாம். 4 முதல் 8 மாதக் கிடேரிகளுக்கு மட்டும், ஆயுளுக்கு ஒரே முறை, கழுத்துத் தோலுக்கு அடியில் 2 மி.லி. வயது கடந்து போட்டால் எதிர்ப்புப்பொருள் ரத்தத்தில் நெடுநாள் தங்கி, பிற்காலப் பரிசோதனையில் நோய் இருப்பதுபோலவே காட்டும்.

தடுப்பூசி பெரும்பாலும் கெடுவது குளிர்ச்சி குறைவதால்தான். குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். உலர்தூளைக் கரைத்ததும் ஐஸ் பெட்டியிலேயே வைத்து, தாமதிக்காமல் போட்டு முடிக்க வேண்டும். வெயிலில் நின்றால் கிருமி செத்துவிடும், ஊசி போட்டும் பலன் இராது. காய்ச்சலிலோ ஆன்டிபயாட்டிக் சிகிச்சையிலோ இருக்கும் கன்றுக்குத் தள்ளிப்போடுங்கள்.

நீங்களே போட முயலாதீர்கள். ஊசி கையில் குத்தினாலோ மருந்து கண்ணில் தெறித்தாலோ மனிதருக்கும் இந்த நோய் தொற்றும்; விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் படுத்தும். 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்தத் தடுப்பூசி இலவசம். கால்நடை மருந்தகத்தில் சொல்லி, காதுவில்லை எண்ணோடு பதிவு செய்துகொள்ளுங்கள்.