பெரிய பேட்டரி மாட்டினால் கார் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: மதுரையில் இருக்கிறேன். 7.40 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய பெட்ரோல் கார். வாரண்டி முடிய இன்னும் 8 மாதம் இருக்கிறது. காரோடு வந்த 35 ஆம்பியர் பேட்டரி வீக் ஆனதும், பேட்டரி கடைக்காரர் பேச்சைக் கேட்டு 45 ஆம்பியர் பேட்டரி மாட்டினேன். நான்காவது மாதம், வண்டி ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது. "பெரிய பேட்டரி போட்டதால் வாரண்டி கிடையாது, 19,000 ரூபாய் ஆகும்" என்கிறது சர்வீஸ் சென்டர். ஆர்.டி.ஓ. கேஸ் வரும், இன்ஷூரன்ஸும் செல்லாது என்றும் சொல்கிறார்கள். வண்டி அங்கேயே நிற்கிறது. என்ன செய்வது?

பதில்: ஆர்.டி.ஓ. பயத்தை முதலில் விடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-வது பிரிவு தடுப்பது, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றுவதைத்தான். இன்ஜின், சேஸிஸ், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை போன்றவை அதில் வரும். வண்டியை ஸ்டார்ட் செய்யும் 12 வோல்ட் பேட்டரி எத்தனை ஆம்பியர் என்று ஆர்.சி.யில் எழுதுவதில்லை. (மின்சாரக் காரை ஓட்டும் பெரிய பேட்டரி வேறு விஷயம். அது வண்டிக்குக் கொடுத்த அனுமதியோடு சேர்ந்தது. இந்தப் பதிலை அதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.)

இனி வாரண்டி. வாரண்டி என்பது ஒப்பந்தம். அதில் ஒரு விலக்கு இருக்கிறது என்றால், அந்த விலக்கு இங்கே பொருந்துகிறது என்று காட்டும் பொறுப்பு அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவருடையது. வேறு பேட்டரி போட்டிருக்கிறீர்கள் என்பது மட்டும் போதாது. அதனால்தான் ஆல்டர்னேட்டர் கெட்டது என்று காட்ட வேண்டும். வாரண்டி கையேட்டை எடுத்து அந்த வரியைப் படியுங்கள். "அங்கீகரிக்கப்படாத மாற்றத்தால் ஏற்பட்ட பழுது" என்கிற மாதிரிதான் பெரும்பாலும் இருக்கும். "ஏற்பட்ட" என்ற அந்த ஒரு சொல்தான் உங்கள் வழக்கு.

தொழில்நுட்பமும் பெரும்பாலும் உங்கள் பக்கம். ஆல்டர்னேட்டரின் வோல்டேஜை ரெகுலேட்டர் சுமார் 14 வோல்ட்டில் கட்டுப்படுத்துகிறது. பேட்டரி தனக்குத் தேவையான மின்னோட்டத்தைத்தான் இழுக்கும். பேட்டரி பெரியதென்றால், முழுக்க இறங்கிய பிறகு ஏற கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். ஆனால் பேட்டரியில் ஒரு செல் ஷார்ட் ஆகியிருந்தால் ஆல்டர்னேட்டருக்கு ஓயாத சுமை விழும். டெர்மினல் இடம் வலமாக மாறியிருந்ததாலோ, பேட்டரி டிரேயில் உட்காததாலோ வயரை வெட்டி ஒட்டு போட்டிருந்தால், நம் பக்கம் பலவீனம்தான். சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்பும் வகைக் கார் என்றால் அதற்கென்று தனி ரக பேட்டரி வேண்டும். சாதாரண பேட்டரி மாட்டியிருந்தால் அதுவும் கேள்வியாக வரும். இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று கடிதத்தில் இல்லை. உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

அதனால் பேட்டரியை டெஸ்ட் செய்து ரிப்போர்ட் வாங்குங்கள். மாட்டியிருக்கும் நிலையிலேயே கிளாம்ப், டெர்மினல், வயர் எல்லாம் தெரிய போட்டோ எடுங்கள். இன்னொன்றும் பாருங்கள்: உங்கள் மாடலிலேயே வேறு வேரியண்ட்டில் கம்பெனியே 45 ஆம்பியர் பேட்டரி போட்டு, ஆல்டர்னேட்டர் பார்ட் நம்பரும் ஒன்றாகவே இருந்தால், அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சர்வீஸ் சென்டர் வாயால் சொன்னதை ஏற்க வேண்டாம். மறுப்பை, காரணத்தோடும் கையேட்டின் எந்த விதிப்படி என்பதோடும் எழுத்தில் கேளுங்கள். கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அதையே மின்னஞ்சல் செய்யுங்கள். எழுத்தில் கேட்டதும் இறங்கி வருகிற சர்வீஸ் சென்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டி அவசரமாக வேண்டும் என்றால் பணத்தைக் கட்டலாம், தவறில்லை. ஆனால் "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று பில்லில் எழுதிக் கையெழுத்திட்டுக் கட்டுங்கள்.

அப்புறமும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது மதுரையிலேயே, வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் கவலையில்லை. வழக்குக் கட்டணத்தைக் கணக்கிடுவது 19,000 ரூபாயை வைத்தல்ல, காருக்குக் கொடுத்த விலையை வைத்து. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்து பாருங்கள், செலவில்லை.

கார் கம்பெனி, டீலர், பேட்டரி கடை மூன்று பேரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். கடைக்காரரைச் சேர்க்க உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் பழுதுக்குப் பேட்டரிதான் காரணம் என்று கம்பெனி நிரூபித்துவிட்டால், இந்தக் காருக்கு இது சரி என்று விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். பில்லிலும் வாரண்டி கார்டிலும் உங்கள் கார் மாடல் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் இரண்டைக் குழப்பியிருக்கிறார்கள். மின்பழுது, இயந்திரப் பழுது சாதாரண மோட்டார் பாலிசியில் எப்போதுமே வராது. ஆகவே ஆல்டர்னேட்டருக்கு அங்கே போக வேண்டாம். ஆனால் பேட்டரி மாற்றியதால் பாலிசியே செல்லாது என்பது தவறு. நாளை விபத்து நடந்தால், விபத்துக்குச் சம்பந்தமில்லாத பேட்டரியைக் காட்டி மறுப்பது நிற்காது. அப்படி மறுத்தால் முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமே எழுத்தில் முறையிட்டு, பிறகு சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

வேலையை ஆரம்பிக்கச் சொல்லும் முன் இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "கழற்றும் ஆல்டர்னேட்டரை என்னிடமே ஒப்படைக்க வேண்டும்." பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப அதே நுகர்வோர் சட்டத்தின் 38-வது பிரிவில் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சோதனைக் கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். அந்த ஆல்டர்னேட்டர் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால் சோதிக்க எதுவும் இருக்காது.