ஆள் இல்லையா, பெயர் மாறியிருக்கிறதா?

கேள்வி: பழைய கணக்கு மென்பொருள் ஒன்றுக்காக, 64 பிட் ரெட் ஹாட் லினக்ஸ் 6 கணினியில் ஆரக்கிள் 11.2.0.1 டேட்டாபேஸ் நிறுவுகிறேன். பிடிகேஎஸ்எச்-5.2.14 (கட்டளைகளை ஓட்டும் ஷெல்) இல்லை, ஐ386 (32 பிட்) லைப்ரரிகள் இல்லை என்று நிறுவியின் சோதனைப் பக்கம் சொல்கிறது. 32 பிட் லைப்ரரிகளை யம் (பேக்கேஜ் நிறுவும் கட்டளை) மூலம் போட்டுவிட்டேன். மறுபடி சோதித்தாலும் அதே பட்டியல்தான். எல்லாவற்றையும் ஒதுக்கிவிடும் 'இக்னோர் ஆல்' கொடுத்துவிடலாமா?
(ஈரோடு வாசகர்)

பதில்: கொடுக்கலாம். ஒரு கால்மணி நேரம் கழித்து.

நீங்கள் வைத்திருக்கும் ஆரக்கிள் லினக்ஸுக்கு வந்தது 2009 செப்டம்பரில். ரெட் ஹாட் 6 வந்தது 2010 நவம்பரில். அந்தச் சோதனைப் பட்டியலை எழுதியபோது உங்கள் இயங்குதளமே பிறக்கவில்லை! ரெட் ஹாட் 5 காலத்தில் 32 பிட் பேக்கேஜ்களுக்குப் பெரும்பாலும் ஐ386 என்று பெயர், 6-ல் ஐ686. நீங்கள் போட்டது உள்ளே பத்திரமாக இருக்கிறது, நிறுவிதான் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர் என்றால் கவுன்டரில் என்ன நடக்கும்? அதேதான்.

பிடிகேஎஸ்எச் கதையும் இதுதான். 6-ல் அந்த வேலையைச் செய்வது கேஎஸ்எச். அது இருந்தால் போதும். பழைய பேக்கேஜை எங்கிருந்தாவது இறக்கிப் போடப் போனால் கேஎஸ்எச்சோடு மோதும்.

அப்புறம் ஏன் கால்மணி நேரம்? 'இக்னோர் ஆல்' பெட்டியில் டிக் போட்டால் பட்டியல் மொத்தமும் போய்விடும். இந்த வரியை மட்டும் விடு, அதை வைத்துக்கொள் என்று சொல்ல வழியே வைக்கவில்லை. எனக்கு அதில் இன்றும் கோபம்தான். ஒருமுறை ஒரு நூல் கடை சர்வரில், இரவு ஒன்பது மணிக்கு, எல்லாம் பழைய பெயர் விவகாரம்தான் என்று டிக் போட்டேன். நடுவில் லிப்ஏஐஓ-டெவல் (ஏஐஓ லைப்ரரியோடு இணைக்கத் தேவையான பேக்கேஜ்) என்றும் ஒரு வரி இருந்திருக்கிறது. நகலெடுப்பெல்லாம் முடிந்து, நிரலை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்க் கட்டத்தில் நின்றது. லாகைத் திறந்தால் 'ஏஐஓ கிடைக்கவில்லை'. அந்த ஒன்று நிஜமாகவே இல்லை. கடைக்காரர் கதவைச் சாத்தக் காத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே ஒவ்வொரு வரியையும், அந்தப் பேக்கேஜ் உள்ளே இருக்கிறதா என்று ஆர்பிஎம் கட்டளையில் கேட்டுப் பாருங்கள். லிப்ஏஐஓ, லிப்ஏஐஓ-டெவல், கம்பாட்-லிப்எஸ்டிடிசி++-33, மூன்றும் 64 பிட்டில் இருந்தாக வேண்டும். கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அளவுருக்கள் தவறு என்று வந்தால் 'ஃபிக்ஸ் அண்ட் செக் அகெய்ன்' பொத்தான் ஒரு ஸ்கிரிப்ட் தரும். ரூட்டாக (நிர்வாகி கணக்கில்) அதை ஓட்டுங்கள். ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கும் இடம்) குறைவு என்றால் கூட்டுங்கள், அதை ஒதுக்கிவிடாதீர்கள். கடைசியில் பழைய பெயர்கள் மட்டும் மிஞ்சும். அப்போது டிக் போடுங்கள்.

கையில் 11.2.0.4 இருந்தால் நேராக அதையே நிறுவுங்கள். 64 பிட் லினக்ஸுக்கு 32 பிட் பேக்கேஜ்கள் தேவையில்லை என்று 11.2.0.2-லேயே ஆரக்கிள் சொல்லிவிட்டது. பிடிகேஎஸ்எச் மட்டும் அங்கேயும் எட்டிப் பார்க்கலாம்.