மாத்திரை அட்டையின் பின்பக்கம்

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பால் கொடுக்கும் தாய்மார்கள் கடையில் வாங்கிய மாத்திரையைக் காட்டி, "இதைப் போடலாமா சிஸ்டர்?" என்கிறார்கள். இரவு டியூட்டியில் டாக்டர் பக்கத்தில் இருப்பதில்லை. கூகுளில் ஒரு பக்கம் போடலாம் என்கிறது, இன்னொன்று கூடவே கூடாது என்கிறது. எதை நம்புவது?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இந்தக் கேள்விக்கென்றே ஒரு தளம் இருக்கிறது, சிஸ்டர். பெயர் லாக்ட்மெட். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, லாகின் தொல்லையும் கிடையாது.

அங்கே பிராண்ட் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், நம்மூர் பிராண்டுகள் பெரும்பாலும் கிடைக்காது. அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் ஜெனரிக் பெயரை, அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். சளி மாத்திரை என்றால் அதில் இரண்டு மூன்று மருந்து கலந்திருக்கும். ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். பாராசிட்டமால் பற்றிக் கவலையில்லை. கூடவே மூக்கடைப்பைப் போக்கும் சூடோஎஃபெட்ரின் இருந்தால்தான் சிக்கல். குழந்தைக்குப் பெரிய கெடுதல் இல்லை என்றாலும், தாய்க்குப் பால் குறையலாம். ஒரே ஒரு 60 மி.கி. டோஸுக்கே அன்றைய பால் சுமார் 24 சதவீதம் குறைந்ததை ஓர் ஆய்வில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பால் பத்தவில்லை என்று ஏற்கெனவே புலம்பும் தாய்க்கு இதையா கொடுப்பது? லாக்ட்மெட்டில் அந்த மருந்துக்கான பக்கத்திலேயே 'மாற்று மருந்துகள்' என்ற பகுதியும் உண்டு, அதையும் பாருங்கள்.

கூகுள் குழப்புவதற்கு ஒரு காரணம், மருந்துக் கம்பெனியின் துண்டுச்சீட்டு. 'பாலூட்டுவோர் தவிர்க்கவும்' என்று போட்டிருந்தால் ஆபத்து நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பல நேரம், பாலூட்டும் தாய்மாரிடம் அந்த மருந்தைச் சோதித்ததே இல்லை என்பதுதான் விஷயம். அதைப் படித்துப் பயந்து தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

ஆனால் கோடீன் கலந்த இருமல் சிரப், வலி மாத்திரை என்றால் யோசிக்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். சிலருடைய உடல் கோடீனை மளமளவென்று மார்ஃபின் என்ற வீரியமான வலிநிவாரணியாக மாற்றிவிடும், அது பாலில் இறங்கும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே பாலூட்டும் தாய்மாருக்கு இது கூடாது என்று எச்சரித்துவிட்டது.

அப்புறம், குழந்தையின் வயதைக் கேட்காமல் பதில் சொல்லாதீர்கள். பத்து மாதக் குழந்தைக்குப் பிரச்சினை செய்யாத மருந்து, குறைமாதத்தில் பிறந்த பச்சிளம் குழந்தைக்கு ஆகாமல் போகலாம். டாக்டருக்கு போன் போடும்போது வயது, மருந்து, டோஸ், லாக்ட்மெட்டில் படித்தது எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால் அவர் முடிவெடுக்க வசதி. குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்கி வழிகிறது, மூச்சு சரியில்லை என்றால் மட்டும் போனில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே முதலுதவியைத் தொடங்கி, 108-ஐக் கூப்பிடுங்கள்.