திருகோணமலைச் சவக்காலைகளில் பூட்டனைத் தேடுகிறவர்களுக்கு: கேள்வி பதில் (கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கு)

பாலையூற்று: சேர், பூட்டன்ர கல்லறை இருக்கு, எழுத்துத் தேஞ்சு போச்சு. சோக்கட்டி தேய்ச்சுப் பார்க்கலாமா?

தேய்க்காதேங்கோ. கம்பித் தூரிகை, அசிட் வேண்டவே வேண்டாம். உப்புக்காற்று அரிச்ச கல்லு, மேல்பொருக்கு உதிர்ந்தால் மிச்ச எழுத்தும் போயிடும். காலமை வெயில் சரிஞ்சு விழேக்க போய், முகம் பார்க்கிற கண்ணாடியால் பக்கவாட்டில் வெளிச்சம் விழுத்திப் படம் எடுங்கோ. கத்தோலிக்கர் என்றால் பங்குக் கோயில் ஏடுகளையும் கேளுங்கோ. பழசெல்லாம் லத்தீன், யோவான் அதில 'யோவான்னெஸ்', அந்தோனி 'அந்தோனியுஸ்'. திருகோணமலை தனி மறைமாவட்டமானது 1893இல். அதற்கு முந்தி யாழ்ப்பாணத்தோட இருந்தது, அங்கயும் ஒருக்கா விசாரியுங்கோ.

மூதூர்: எங்கட மையவாடியில் மீசான் கட்டை, அதுதான் அடக்கின இடத்தில் நடுகிற அடையாளக் கட்டை, மட்டும்தான், பெயரில்லை.

பள்ளிவாசல் நிர்வாகம், கல்யாணப் பதிவு, காணி உறுதி, இந்த மூண்டிலயும் தேடுங்கோ. உறுதியில் காணி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எழுதியிருக்கும். அது ஒரு பரம்பரைக்குச் சமன்.

ஸ்காபரோ (கனடா): அண்ணை, எங்கட ஆக்களை எரிச்சது. கல்லறையே இல்லையே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தன். முப்பத்தோராம் நாள் வீட்டில குடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் இருக்கே, அதுதான் உங்கட கல்லறை. சித்தி, மாமி வீட்டு அலுமாரிகளில் தேடுங்கோ. வம்சாவளி, ஊர்ப் பெயர், பெண் எடுத்த இடம், குடுத்த இடம் எல்லாம் அதில வரும். வாழ்க்கை வரலாற்றுப் புகழ்ச்சியைப் பாதி நம்புங்கோ, திதி வெண்பாவை முழுசா நம்புங்கோ. ஆண்டு, மாதம், பட்சம், திதி என்று அந்த நாலு வரிக்குள்ள செத்த நாளே கிடக்கும். அதைக் கொண்டு பிரதேச செயலகத்தில் இறப்புப் பதிவைத் தேடலாம். பதிவு 1867இல் தொடங்கினது.

சாம்பல்தீவு: வெண்பாவில் 'விபவ, தை' என்று இருக்கு. விபவ 1928. அந்த வருஷம் ஜனவரி, பெப்ரவரி பார்த்தாச்சு, ஒண்டும் இல்லை.

விபவ வருஷம் சித்திரையில் பிறந்தது. 1928 சித்திரையில் தொடங்கி 1929 பங்குனியோட முடியுது. தை என்றால் 1929.

தம்பலகாமம்: அறுபது வருஷச் சுற்று ஐயா! 1868இலும் விபவ வந்ததே.

வந்தது. தை அப்பவும் 1869தான். ஆனா சாம்பல்தீவுத் தம்பி, அந்தத் தாத்தாவின் கடைசிப் பிள்ளை எப்ப பிறந்தது?

சாம்பல்தீவு: 1911.

பிறகென்ன? தம்பலகாமத்தார் விடட்டும்.

தம்பலகாமம்: விடேலாது. திதி ஒத்துவந்தாலும் சான்றிதழில் திகதி ஒரு நாள் பிந்தி நிற்குது, எங்கட வீட்டில.

நல்ல கேள்வி. பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில மாறும், கச்சேரி நாள், அதாவது அரச அலுவலகக் கணக்கு, நடுச்சாமத்தில மாறும். விடியப்புறம் இரண்டு மணிக்குப் போனவருக்கு வீட்டுக்காரர் சொல்லுற கிழமை முந்தின நாள், பதிவாளருக்கு அடுத்த நாள். ஒரு நாள் முன்பின்னாகத் தேடுங்கோ.

உவர்மலை: அம்மம்மா வழியில ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயாம். கல்லை மாவு பூசிப் படிக்கலாமா?

மாவும் தேய்ப்புத்தான்! இலங்கை 1802இல் பிரித்தானிய முடியின் நேரடி ஆட்சிக்குட்பட்ட குடியேற்றமானதால், பிரித்தானியரின் இந்திய ஆட்சிப் பதிவுகளான இந்திய அலுவலக ஏடுகளில் அவரைத் தேடி மினக்கெடாதேங்கோ. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் படைப்பிரிவுப் பதிவுகளைப் பாருங்கோ. கல்லறை வாசகங்களுக்கு பென்றி லூயிஸ் 1913இல் வெளியிட்ட தொகுப்பு இருக்கு, பெரும்பாலும் ஐரோப்பியர்தான். எங்கட சனம் அதில குறைவு.

மூன்று பேர்: ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பியைப் புதைச்சது இங்கயா?

ஓம். சார்ள்ஸ் ஒஸ்டின், கடற்படைத் தளபதி. 1852இல் பர்மாவில் ஐராவதி ஆற்றில் செத்தவர், இங்க புதைச்சது. உங்கள் மூவருக்கும் அவர் சொந்தமில்லை என்றால் அடுத்த கேள்விக்குப் போவம்.

நிலாவெளி: 1942 யப்பான் குண்டுவீச்சில் செத்த கடற்படை ஆட்கள்?

பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் தளத்தில் பெயரைத் தட்டுங்கோ, இலவசம். நிலாவெளி வீதிக் கல்லறை உங்களுக்குக் கிட்டத்தானே. அங்க கல்லைத் தொட வேலையே இல்லை, எழுத்து நல்லாத் தெரியும்.