சிக்குக் கோலமும் மீ.பொ.கா.வும்

கே: என் மகள் ஏழாம் வகுப்பு. கணக்குப் பரீட்சை என்றாலே அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது. மே லீவில் அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா? – வாசகி, பெரம்பூர்

ப: அபாகஸ் வேகமாகக் கூட்டச் சொல்லித்தரும். ஆனால் வேகமாகக் கூட்ட வரவில்லை என்பதற்காகவா வயிறு வலிக்கிறது? எனக்குச் சந்தேகம்தான். (நான் படித்த பள்ளியில் விடை சரியாக இருந்தும் ஸ்டெப் எழுதவில்லை என்று மார்க்கைக் குறைத்தார்கள். அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலிலோ மொட்டைமாடியிலோ அவளைச் சிக்குக் கோலம் போடச் சொல்லுங்கள். நேர்ப்புள்ளி, 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி. அடுத்தடுத்த இரண்டு புள்ளிக்கு நடுவில் எல்லாம் இழை குறுக்கே வெட்டிப் போகவேண்டும், ஓரத்துக்கு வந்தால் மட்டும் வளைந்து திரும்பவேண்டும், அவ்வளவுதான் விதி. ஒரே இழையில் முடிந்துவிடும். அப்புறம் 3க்கு 3 போடட்டும், தனித்தனியாக மூன்று இழை வரும். 4க்கு 6 என்றால் இரண்டு, 5க்கு 7 என்றால் மறுபடி ஒன்று. ஏன் இப்படி என்று அவள் எவ்வளவு நச்சரித்தாலும் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். இழைகளின் எண்ணிக்கை அந்த இரண்டு எண்களின் மீ.பொ.கா.தான் (மீப்பெரு பொதுக் காரணி, அதாவது இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கிற எண்களில் மிகப் பெரியது). ஏழெட்டுக் கோலம் போட்டபின் அவளே கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது, வாசலில் கோலம் மிச்சம்.

கோலமெல்லாம் கணக்கா என்று வீட்டில் யாராவது சிரித்தால், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடனிருந்தவர்களும் 1970களிலேயே கோலங்களுக்கு இலக்கணம் வகுத்து ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

கே: எங்கள் வகுப்பில் 40 பேர். அதில் இரண்டு பேருக்கு ஒரே தேதியில் பிறந்தநாள். அதிசயம்தானே சார்? – எட்டாம் வகுப்பு மாணவன், திருவொற்றியூர்

ப: இல்லை தம்பி. 23 பேர் இருந்தாலே அப்படி ஒரு ஜோடி இருக்க வாய்ப்பு பாதிக்கு மேல். உங்கள் 40 பேருக்கு ஏறக்குறைய 89 சதவீதம். ஆட்களை எண்ணாதே, ஜோடிகளை எண்ணு: 40 பேரில் 780 ஜோடி. பக்கத்து வகுப்பிலும் போய்க் கேட்டுப் பார், பெல் அடிப்பதற்குள்.

கே: ராமானுஜன் என்றாலே எல்லாரும் 1729 என்கிறார்கள். எனக்குப் புரிகிற மாதிரி வேறு ஏதாவது செய்தாரா? – ஒன்பதாம் வகுப்பு மாணவி, ராயபுரம்

ப: செய்தார். உங்கள் ஊர்ப் பக்கம் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினாரே, அவர் பிறகு மூழ்கிய கணக்குகளில் ஒன்றுக்கு உனக்குப் புளியங்கொட்டை போதும். 4 கொட்டையை எத்தனை விதமாகக் குவியல் பிரிக்கலாம்? 4; 3+1; 2+2; 2+1+1; 1+1+1+1. ஆக 5 விதம். குவியல்களின் வரிசை மாறினால் அது புது விதம் ஆகாது. 9 கொட்டைக்கு 30 விதம், 14க்கு 135. எல்லாம் ஐந்தால் வகுபடுகிறது பார்த்தாயா? 4இல் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டிக்கொண்டே எவ்வளவு தூரம் போனாலும் வகுபடும் என்று நிரூபித்தவர் அவர். 100 கொட்டைக்கு 19,05,69,292 விதம் இருக்கிறது, அதை முயற்சி செய்யாதே. 9ஐப் பிரித்து எழுதி அனுப்பு. 29தான் வருகிறது என்றால் எங்கோ ஒரு குவியலை விட்டிருக்கிறாய்.