ஜெர்மனிக்குப் போகும் மகளும் ஒரு பியூரெட் ரீடிங்கும்

வணக்கம்மா. கொழிஞ்சாம்பாறையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகள் பத்தாவது வரை தமிழ் மீடியம், பிறகு பாலக்காட்டில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, வரும் அக்டோபரில் ஜெர்மனியில் எம்.எஸ்சி. "இங்கிலீஷ் போதுமா, அங்கே போய் ஃபெயில் ஆகிவிடுவாளோ" என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலீஷைப் பற்றி எனக்குக் கவலையில்லை, ஆறு மாதத்தில் சரியாகிவிடும். என் கவலை அவளுடைய ரெக்கார்டு நோட்டைப் பற்றியது.

நம் லேபில் நடப்பதை அவளிடமே கேட்டுப் பாருங்கள். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷனில் தனக்கு 20.6 மி.லி. வந்து, பக்கத்து மேசையில் 20.2 வந்தால், அழித்துவிட்டு 20.2 என்று எழுதிக்கொள்வார்கள். ரெக்கார்டும் அழகாகக் கையெழுத்தாகி வந்துவிடும். அங்கே அப்படிச் செய்தால் அது ஏமாற்று வேலை, பிடிபட்டால் அந்த லேப் பாடமே ஃபெயில் ஆகிவிடும். 20.6 என்று உள்ளபடி எழுதி, பிழை எங்கே வந்திருக்கலாம், எத்தனை சதவீதம் இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் மதிப்பெண் உண்டு. இந்தப் பிழைக் கணக்கில்தான் நம் பிள்ளைகள் முதலில் தடுமாறுகிறார்கள். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. இங்கே அதை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அங்கே எம்.எஸ்சி. என்றால் இரண்டு வருஷம், நான்கு செமஸ்டர், மொத்தம் 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. அப்படியானால் ஒரு செமஸ்டரின் 30 கிரெடிட்டுக்கு 750 மணி நேரமாவது வேண்டும். அதில் வகுப்பில் உட்காருவது சிறு பங்குதான். லேபுக்குப் போயே ஆக வேண்டும், ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டார்கள். வரவில்லை என்று உங்களுக்கு ஃபோன் செய்யவும் ஆள் கிடையாது. பல பாடங்களில் வாராவாரம் ஒரு கணக்குத் தாள் வரும். பாதி மதிப்பெண்ணாவது சேராவிட்டால் சில பாடங்களில் பரீட்சைக்கே விட மாட்டார்கள். கடைசி மாதம் விழுந்து விழுந்து படிக்கிற வழக்கத்தை விமானம் ஏறும் முன்பே விட்டுவிட வேண்டும்.

ஃபெயிலான பாடத்தைத் திரும்ப எழுதுவதை இங்கே 'சப்ளி' என்கிறோம், வாளையாறு தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் 'அரியர்'. எப்படிச் சொன்னாலும், சேர்த்து வைத்துப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்ற நினைப்பு அங்கே ஆபத்து. பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற வேண்டியதுதான். அதனால் முதல் செமஸ்டரில் பார்ட் டைம் வேலை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது, உண்மைதான். ஆனாலும் முதல் ஆறு மாதம் படிப்புக்கு.

இன்னொன்று. மதிப்பெண் அங்கே தலைகீழ். 1.0 தான் உச்சம், 4.0 கடைசிப் பாஸ், 5.0 ஃபெயில். "2.3 வாங்கியிருக்கிறேன்" என்று அவள் ஃபோனில் சொன்னால் பதறாதீர்கள், நல்ல மதிப்பெண் அது.

எம்.எஸ்சி.யில் வாய்மொழித் தேர்வு நிறைய. பேராசிரியர் எதிரில் உட்கார்ந்து, பக்கத்தில் இன்னொருவர் குறிப்பெடுக்க, அரை மணி நேரம் கேள்வி வரும். பேப்பரைக் கொடுத்து, "இந்த வினை ஏன் இப்படி நடக்கிறது, வரைந்து காட்டு" என்பார்கள். மனப்பாடம் செய்தவள் இரண்டாவது 'ஏன்' வந்ததும் நின்றுவிடுவாள்.

இதற்கு நீங்களே பழக்கம் கொடுக்கலாம். பத்தாவதோடு நிறுத்திவிட்டேன் என்று வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். இந்த வேலைக்கு அது போதும் அம்மா. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அன்றைக்குப் படித்ததைத் தமிழிலேயே உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் "ஏன்டி?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் இன்னொரு தடவை கேளுங்கள்.